வடிவுக்கு ஒரு தனி இடம்

காலையிலிருந்து தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்ததில் வேலாயிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டுதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் கூப்பிட்டாராம்.

"இவவின்ர மகள் வடிவுக்கு இடது காது கேளாது சேர்," என்றார் தம்பிராசா வாத்தியார். "அதால வலது காது என்ர பக்கமா இருக்க, மேசைக்குக் கிட்ட இருத்தியிருக்கிறன். சொல்லுறதைச் சிலேட்டிலயும் எழுதிக் குடுப்பன்."

வேலாயி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"பிள்ளைக்கு ஏத்த மாதிரிப் படிப்பிக்கிற ஆளை இப்பதான் காணுறன்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஹட்டன் பெரிய பள்ளிக்கூடத்துக்கு இவரை அனுப்பச் சொல்லி எழுதப்போறன். தாய் என்ன சொல்லுறா?"

"அனுப்பாதீங்க."

"ஏன்?"

"இவரு இங்கதான் கெடக்கணும்."

வாத்தியாரின் முகம் வெளுத்தது. "வேலாயி, நீ வெளியில போ. பிறகு கதைப்பம்."

"நீங்க வாய மூடுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வாத்தியாரை விட மனமில்லை. அவ்வளவு பாசமோ?"

"பாசமா? தூ! எம் புள்ள செவிடாப் பொறக்கலங்க. போன வருசம் ஏழாம் வாய்ப்பாடு வரலன்னு இந்த மனுசன் அறைஞ்சாரு. காதுல ரத்தம் வந்துச்சு. அன்னைக்குப் போனதுதான்."

மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடிவு சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலாயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள்.

"அவ அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் இவரே பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கட்டும். அப்புறம் எங்கயும் போகட்டும். அப்பவும் எம் மகளுக்கு இவரு ஒரு காது கடன்தான்."