தேசிங்கின் பேட்ஜ்

இரும்புக் கேட்டை யாரோ படபடவென்று தட்டினார்கள். மல்லிகா திறந்தாள். அம்பத்தூர் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வினோத், கையில் கதிர்வீச்சு மீட்டரோடு நின்றான்.

அவள் கணவன் தேசிங்கு அங்கேதான் வேலை செய்தான். காமா கதிரைப் பாய்ச்சி, குழாய்களின் வெல்டிங்கைப் படம் பிடிக்கும் வேலை. காமாவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, சூடுகூடத் தெரியாது. உடம்பில் எவ்வளவு பட்டது என்பதைச் சட்டையில் மாட்டும் பேட்ஜ்தான் சொல்லும். ரத்தப் புற்றுநோயில் அவன் இறந்தபோது, பேட்ஜில் எதுவும் பதிவாகவில்லை என்று நிர்வாகம் கைகழுவியது. மல்லிகா வழக்குப் போட்டாள்.

அவன் சாமான்களோடு வீட்டுக்கு வந்த அந்த பேட்ஜ், நான்கு மாதமாக அண்ணனூர் வீட்டில், அவன் படத்து மாலையோடு தொங்கியது. கணக்கில் ஒன்று குறைகிறது என்று போன வாரம்தான் கம்பெனி அதை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பியது. ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு அனுமதித்த அளவைத் தாண்டிப் பதிவாகியிருந்தது.

வினோத் வீடு முழுக்க மீட்டரைக் காட்டினான். படத்தருகே, கட்டிலுக்கடியில், எங்கும் இருக்கும் சாதாரண அளவுதான். கதிர் வீசும் பொருள் பக்கத்தில் இல்லாமல் பேட்ஜில் எதுவும் ஏறாது.

"யாரும்மா அந்த பேட்ஜை மாட்டிக்கிட்டு மெஷின்கிட்ட போனது? கேஸ் ஜெயிக்க ஆள் வெச்சீங்களா?"

மல்லிகா படத்து மாலையைச் சரிசெய்தாள்.

"தெனம் காலைல படத்துல இருக்காது, சாயங்காலம் வந்து தொங்கும். உசிரோட இருந்தப்போ அத்த கழட்டி உங்க டிராயர்ல வெச்சுட்டு வேலைக்குப் போவச் சொன்னீங்களே சார், இப்போதான் மாட்டிகினு போறாரு."