இரண்டாம் பயணம்

"இந்தப் படி ஞாபகம் இருக்காங்க? போன தடவை இதுலதானே வழுக்கி விழுந்தீங்க?" படகுத்துறையில் நின்று மனைவி கைபேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அவருக்குப் படியும் ஞாபகமில்லை, விழுந்ததும் ஞாபகமில்லை. ஆனாலும் சட்டென்று குனிந்து இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். "மறக்குமா? மழை வந்தா இன்னிக்கும் வலிக்குதே!"

"அப்படியே நில்லுங்க, படம் நல்லா விழுது" என்றாள் அவள்.

கடைத்தெருவில் அவருக்குப் 'பட்டியல்' என்று பெயர். ஆணி, திருகு, தாழ்ப்பாள் என்று முந்நூறு வகைச் சரக்கின் விலையைத் தாளைப் பார்க்காமல் ஒப்பிப்பார். போன வருஷம் தலையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். பழைய விஷயங்கள் சில திரும்ப வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லி வைத்தார்.

அது போதாதா மகனுக்கு? கடை இருக்கும் இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவனுக்கு விற்க வேண்டும், அப்பா மாட்டேன் என்கிறார், அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது, கையெழுத்து அதிகாரம் என்னிடம் வரட்டும் என்று கோர்ட்டுக்கே போய்விட்டான்.

மனைவிதான் யோசனை சொன்னாள். "அவன் கெடக்கான் விடுங்க. எட்டு வருஷத்துக்கு முன்னால நாம வெளிநாட்டுல சுத்திட்டு வந்த ஊரையெல்லாம் இன்னொரு சுத்து சுத்துவோம். ஒவ்வொரு இடத்துலயும் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு வீடியோ எடுத்து வக்கீல்கிட்ட குடுப்போம். அப்புறம் யாரு என்ன பேச முடியும்?"

அந்தப் பயணமே அவருக்கு அடியோடு நினைவில்லை. சொன்னால் கடை போச்சு. கடைக்கு வந்தவனிடம் சரக்கு இல்லை என்று ஒரு நாளும் சொன்னவரல்ல அவர். 'எந்த சைஸ் வேணும்?' என்று ஆரம்பித்து, எதிராளி வாயிலிருந்தே விஷயத்தைக் கறந்துவிடுவார். கட்டிய மனைவியிடமும் அதே கடையைத்தான் விரித்தார்.

முதல் ஊரில், "இந்தக் கோபுரத்துல எத்தனாவது மாடி வரைக்கும் ஏறினோம், நீ சொல்லு பாப்போம்" என்றார். அவள் பன்னிரண்டு என்றாள். "பன்னெண்டுதான். அதுக்கு மேல உனக்கு மூச்சு வாங்கிச்சு" என்று கையோடு ஒரு வார்த்தை சேர்த்தார். கைபேசி அதையும் விழுங்கிக்கொண்டது.

இரண்டாவது ஊரின் பூச்சந்தையில் மட்டும் கொஞ்சம் ஆடிப்போனார். வாளி வாளியாகப் பூ, ஈரத் தரை, குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்கள். எதைப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. கழுவிவிட்ட பலகை மாதிரி இருந்தது. மகன் சொல்வதுதான் நிஜமோ என்றுகூடத் தோன்றியது.

"என்னங்க, பேசாம நிக்கிறீங்க?"

"அன்னிக்கு நீ பச்சைப் புடவை கட்டியிருந்த. திடீர்னு மழை. ஒரே குடையில ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுப் போனோமே, அதை நெனச்சேன்" என்றார். வாயில் வந்ததை அடித்துவிட்டார், அவ்வளவுதான். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

அவள் அப்பா ஊரையே ஏய்த்த நிலத் தரகர்; அந்த வீட்டுப் பெண்ணையே ஏய்த்துவிட்டோமே என்று அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

இப்போது கடைசித் தீவு. போன தடவை தங்கிய அதே ஓட்டல் என்று அவள் அழைத்துப்போனாள். வாடகையைக் கேட்டதும் அவருக்குப் பழைய ரத்தம் ஓட ஆரம்பித்தது.

"ஏம்மா, நாம பழைய வாடிக்கையாச்சே! எட்டு வருஷத்துக்கு முன்னாடி வந்தவங்க, பேரைத் தட்டிப் பாருன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லு. பாத்துப் போட்டுக் குறைக்கட்டும்."

"ஐயோ, கடல் தாண்டி வந்துமா இந்தப் பேரம்? மானத்த வாங்காதீங்க, வாங்க!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கைஜாடையைப் பார்த்து விசைப்பலகையில் விரல் வைத்த சிப்பந்தி, சிரித்தபடி விரலை எடுத்துக்கொண்டான்.

"மகாராணி! எம் பணத்துல தர்மம் பண்ணு" என்று அவரும் சிரித்தார்.

மத்தியானம் அறையில் வந்து படுத்தார். "ஏம்மா, எல்லா இடமும் ஆச்சா? ஒண்ணாவது நான் தப்பாச் சொன்னேனா?"

"ஒண்ணுகூட இல்லைங்க. நீங்க கண்ணை மூடுங்க, நான் வக்கீல்கிட்ட பேசிட்டு வர்றேன்" என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவு முழுக்கச் சாத்தவில்லை.

தூக்கமா வரும் அவருக்கு? ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் கடை முகப்புக்குப் புதுப் பெயிண்ட். அந்த மாடி கட்டுகிறவனை வாசற்படி மிதிக்க விடக்கூடாது. கண்ணை மூடியபடியே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"வணக்கம் சார். ஏழு வீடியோவும் வந்துச்சா? கோபுரம், பூச்சந்தை, படகுத்துறை, எல்லாம் இருக்கா? ஆமா சார், ஒண்ணு விடாம அவரு வாயாலயே சொல்லியிருக்காரு. நான் எதையும் சொல்லிக் குடுக்கல."

அவர் போர்வைக்குள் புன்னகைத்தார்.

"ஜட்ஜ் அய்யா பாத்தா ஒரே வாய்தாவுல முடிஞ்சிடும்ல சார்?... சரி... என்னது, முன்ன வந்தது எந்த வருஷமா?"

அவள் களுக்கென்று சிரித்தாள்.

"நாங்க கடல் தாண்டி வர்றதே இதுதான் மொத தடவைன்னு எம் பையன் உங்ககிட்ட சொல்லலியா சார்?"