ஓய்வாக எடுக்க வேண்டிய ரத்தம்

ரத்தம் எடுக்கும் பெண் கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தாள். சாய்வு நாற்காலியில் அந்த அம்மாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நல்லதாகப் போயிற்று.

கார்ட்டிசால் பரிசோதனைக்கு அரை மணி நேரம் அமைதியாக உட்கார வேண்டும். கைப்பேசி கூடாது, பேச்சும் கூடாது. பதற்றத்தில் உடம்பு சுரக்கும் சமாச்சாரம் அது. பதறிக்கொண்டு வந்து கையை நீட்டினால் அளவு தாறுமாறாகக் காட்டும்.

இந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம் எகிறி, எலும்பு தேய்ந்து, ஆளே பாதியாகியிருந்தாள். முடிவைப் பார்த்துத்தான் இனி மருந்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன தடவை எடுத்த ரத்தம் வீணாய்ப் போனது. உட்காரச் சொன்னால் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாளாம்.

இன்றைக்குத் தூக்கமே வந்திருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

அவள் பூனை மாதிரி உள்ளே போய்த் தோளைத் தொட்டாள்.

தொட்டதுதான் தாமதம், அந்த அம்மாள் துள்ளி எழுந்தாள்.

"மூச்சு விடறானா?"

கண் திறந்திருந்தது, பார்வைதான் இங்கே இல்லை. ஒரு கை பக்கத்துச் சுவரைத் தடவியது. இன்னொரு கை ரத்தம் எடுக்கும் பெண்ணின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

இனி இந்த ரத்தத்தை எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. தண்ணீர் கொடுத்து, மறுபடி உட்காரவைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

வரும்போதே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் நோயாளிப் பிள்ளை இருக்கிறான் போலிருக்கிறது. பெற்றவள் ராவெல்லாம் கண்விழித்துச் சாகிறாள். இந்த மனுஷன் மனைவியின் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் தேமேயென்று உட்கார்ந்திருக்கிறார்!

"ராத்திரில பையனை நீங்க கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா சார்? அவங்க தூங்கினாலே பாதி வியாதி போயிடும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பையன் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. அவளுக்குத் தெரியாம இல்ல. யாராவது தொட்டு எழுப்பினா மட்டும் மறந்துபோயிடுது."

பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அதனால, அவ தூங்கிட்டா நான் எழுப்பவே மாட்டேன்."