எழுத்து வெளியே பார்த்த சன்னல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு சன்னலின் கதை சொல்கிறேன். புதிதாகக் குடிவந்த அமலிக்கு அந்த வாடகை அறையில் சேலை மாற்றவே கூச்சம். சின்னச் சன்னல் எல்லாரும் போகவரும் பொதுநடையைப் பார்த்திருந்தது. திரை மாட்ட ஆணியடிக்க வீட்டுக்காரர் விடவில்லை. வாரப்பத்திரிகைத் தாளில் கஞ்சி தடவி உள்ளிருந்து கண்ணாடியில் ஒட்டினாள். தொடர்கதைப் பக்கம் வெளியே பார்த்துவிட்டது. குழாயடிக்கு வந்தவர்கள் குடத்தோடு நின்று படித்தார்கள்.

"கிணத்து மேட்டுல நிக்கிறவ குதிச்சாளா இல்லையா? மிச்சத்த ஒட்டுடி" என்றாள் எதிர்வீட்டுச் செல்லக்கிளி.

அதன்பின் அமலி வாராவாரம் அடுத்த பகுதியை ஒட்டினாள். அவர்கள் உரக்கப் படிப்பதை உள்ளே தலைவாரியபடி கேட்டிருப்பாள்.

வீட்டைக் காலிசெய்த அன்று தாளை நனைத்து உரிக்கப் போனபோது வெளியே செல்லக்கிளியின் குரல்: "கதையே முடியல. அதுக்குள்ள எங்கடி போற?"

அமலி ஈரத்தாளில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

உங்கள் வீட்டுச் சன்னலடியிலும் அப்படிக் கேட்க ஒருத்தி இருக்கட்டும், கண்ணுகளா.