எதிரெதிர் விலைப்பலகை

அந்த நெடுஞ்சாலையில் எதிரெதிரே இரண்டு பெட்ரோல் பங்குகள். ஒன்று சுகந்தியுடையது, மற்றது தேவசகாயத்துடையது. தினமும் காலையில் மொத்த வியாபாரி இருவருக்கும் போன் செய்து ஒரே விலையைச் சொல்வார். குறைத்து விற்றால் மறுநாள் அவருடைய பெட்ரோல் லாரி வராது. "ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரே விலைதானாக்கா?" என்று கேட்கும் ஆட்டோக்காரர்களின் முகத்தைப் பார்க்காமலே சுகந்தி பதினோரு வருடங்களை ஓட்டிவிட்டாள். புதுச் சட்டம் வந்தது. விலையை அவரவரே முடிவுசெய்து சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். கூடிப் பேசி விலை வைத்தாலும் லாரியை நிறுத்தினாலும் சிறை. அன்று காலையிலும் போன் வந்தது. "இனிமே நீங்க சொல்லக்கூடாது சார், நானும் கேக்கக்கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பலகையில் ஒரு ரூபாய் குறைத்து எழுதினாள். எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்த தேவசகாயம் ஏணி போட்டு ஏறி, தன் விலையை அழித்து, அவளைவிடப் பத்துப் பைசா குறைத்து எழுதினார்.

"போட்டிக்கு வர்றீங்களாண்ணே?" என்று கத்தினாள்.

"பின்னே? சட்டமாச்சே தங்கச்சி!"

ஏணியிலிருந்தே அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு என்ன விலை எழுதப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படித் தெரியாமலிருப்பது நெஞ்சுக்கு அவ்வளவு இலேசாக இருந்தது.