நாலாவது ஆள்

"இன்னும் ஒரே ஒரு ஆள்" என்று காரின் ஜன்னலுக்கு வெளியே ஒற்றை விரலை நீட்டினார் லாசரஸ். குவீன்ஸ்டவுன் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ் வரும் திசைக்கே திரும்பிக்கொண்டார்கள்.

இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நீல டை, படிய வாரிய நரைத்த தலை. வங்கிகள் நிறைந்த ஷென்டன் வேயில் பெரிய நாற்காலியில் உட்காரும் மனிதர் எப்படி இருப்பாரோ, அப்படியே இருந்தார். முன்சீட்டில் தினமும் கூட வரும் அருள்ஜோதி, பின்சீட்டில் முன்பின் தெரியாத ஒரு சீனர். நாலாவது ஆள்தான் கிடைக்கவில்லை.

காலையில் நகருக்குள் நுழையும் காரில் நாலு பேர் இருந்தால், காசு கட்டிக் கண்ணாடியில் ஒட்டும் உரிம வில்லை வாங்க வேண்டாம். அதனால் கார்க்காரர்கள் பஸ் நிறுத்தங்களில் ஆள் பிடிப்பது ஊரறிந்த வழக்கம். காசில்லாமல் போகலாம் என்று ஏறிக்கொள்ளவும் ஆள் உண்டு. பெரும்பாலான கார்களில் யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நகருக்குள் நுழைந்ததும் ஆளை இறக்கிவிட்டுப் பறந்துவிடுவார்கள்.

லாசரஸ் வேறு ரகம். ஏறியதுமே பசியாறிவிட்டீர்களா என்று கேட்பார், தேக்கா சந்தையில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தை நீட்டுவார், அவரவர் ஆபீஸ் வாசலிலேயே இறக்கி விடுவார். அப்போதெல்லாம் அருள்ஜோதி, ஜார்ஜ், லீலா மூவரும்தான் தினமும் அவர் காரில் போவார்கள். ஒருநாள் ஜார்ஜ் வீட்டில் அசந்து தூங்கிவிட்டான். நேரமாகிறதே என்று லீலா தவியாய்த் தவித்தாள். லாசரஸோ, பாவம், மெதுவாக வரட்டும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு, அவள் குழந்தைக்குப் பல் முளைத்த கதையைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். தங்கமான மனுஷன் என்று அன்று மூவரும் பேசிக்கொண்டார்கள்.

அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரே காரில் நாலு பேர் போனால் மூன்று காரின் புகை மிச்சம், நாட்டுக்கு நம்மால் ஆனது இதுதான் என்பார். கேட்டுக் கேட்டு மூவருக்கும் காது புளித்துவிட்டது. மனைவி பிரிஜட் இறந்து, மகன் கடல் கடந்து பெர்த்தில் குடியேறிய பிறகு பேச ஆளில்லாத மனிதர், பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் குவீன்ஸ்டவுனுக்கு எம்.ஆர்.டி. ரயில் வந்தது. பேட்டையே கூடிப்போய் வேடிக்கை பார்த்தது, லாசரஸ் மட்டும் போகவில்லை. முதலில் ஜார்ஜ் ரயிலுக்கு மாறினான், அடுத்து லீலா. இப்போது பின்சீட்டில் தினமும் புதுமுகங்கள்தான். ஏறியதும் பேப்பரை விரிப்பார்கள் அல்லது தூங்கிப்போவார்கள். முறுக்கு நமுத்துப்போனது.

ஒருவழியாக ஒரு மலாய் மாது ஏறிக்கொள்ள, கார் கிளம்பியது. வழக்கமாக வாய் ஓயாத அருள்ஜோதி அன்று வழிநெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சீனரும் மலாய் மாதும் ராபின்சன் ரோட்டில் இறங்கிப் போனார்கள். அருள்ஜோதியின் ஆபீஸ் வாசலில் கார் நின்றும் அவள் இறங்கவில்லை.

"அங்கிள், நாளையிலேருந்து நானும் எம்.ஆர்.டி.ல போறேன்."

லாசரஸின் முகம் வாடிவிட்டது. ஏர்கான் சரியில்லையா, ரிப்பேர் பார்த்துவிடலாம் என்றார். பஸ் நிறுத்தம் தூரமென்றால் புளோக்குக்குக் கீழேயே வருகிறேன் என்றார். அவர் கெஞ்சுவதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"அதெல்லாம் இல்ல அங்கிள். கார் புகையால பூமியே சூடாகுதுன்னு ரேடியோல சொன்னாங்க. கேட்டதுலேருந்து மனசு உறுத்துது லா."

"அதுக்குத்தானேம்மா நாலு பேரா போறோம்? மூணு கார் மிச்சமில்லையா?"

அருள்ஜோதி தயங்கினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் வாயில் வந்துவிட்டது.

"எங்க மூணு பேருக்கும் காரே கிடையாதே அங்கிள். நீங்க ஏத்தலைன்னா பஸ்ஸுலதான் வந்திருப்போம்."

இத்தனை நாள் சொல்லிவந்த கணக்கு ஒரே நொடியில் பொய்யாகிப் போனது. லாசரஸ் காலியான பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்தார். நாளைக் காலை அந்த முன்சீட்டும் காலியாக இருக்கும் என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் ஓடவில்லை. பின்னால் ஒரு டாக்சி ஹார்ன் அடித்துவிட்டு விலகிப் போனது.

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. சட்டென்று ஒரு யோசனை தோன்ற, முகம் மலர்ந்து திரும்பினாள்.

"ஒண்ணு செய்யலாம் அங்கிள். காரை வித்துடுங்க, நீங்களும் எங்ககூட ட்ரெயின்ல வாங்க. ஜார்ஜ், லீலா எல்லாரும் இருப்பாங்க, பழையபடி பேசிக்கிட்டே வரலாம். ராபிள்ஸ் பிளேஸ்ல இறங்கினா உங்க ஆபீஸுக்கு நடந்தே போயிடலாம்."

லாசரஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். கழுத்தை இறுக்கிய டையை மெல்லத் தளர்த்தினார்.

"எனக்கு ஏது ஆபீஸ்? தினமும் உங்கள எல்லாம் இறக்கி விட்டுட்டு, நான் நேரா வீட்டுக்குத்தாம்மா திரும்பிப் போவேன்."