ஒன்பதாவது அடுக்கு

'நில்லுங்கள் என்றுதானே சொன்னேன். அதில் என்ன பிழை?'

பிரஷாந்தினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆள் நிற்கக்கூடிய உடுப்பு அலுமாரிக்குள், குளிர்கால ஜாக்கெட்டுகளுக்கு நடுவே, போனைக் காதில் அழுத்தியபடி நின்றாள். சில மாதங்களுக்கு முன் அவள் தன் குரலைப் பதிவு செய்ததும் இங்கேதான். தடித்த துணிகள் தெருச் சத்தத்தை உள்ளே விடாது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"ஓம், சொல்லுங்கோ அனுப்ரியா."

அனுப்ரியாவின் கம்பெனி, கூட ஒரு வழிகாட்டி இல்லாமல் தாங்களாகவே நடந்து பார்ப்பவர்களுக்கு ஒலி வழிகாட்டி தயாரிக்கிறது. பெருவில் இன்காக்கள் மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய பழைய வயல்களைச் சுற்றி வர, பதினாறு நிறுத்தங்கள். போனைத் தட்டினால் காதில் தமிழ் கேட்கும். அந்தத் தமிழ் பிரஷாந்தினியுடையது. கார்டெரி எனும் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் அவளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதாவது அடுக்குல எக்ஸ்ட்ராவா ஒண்ணு பேசியிருக்கீங்க. இங்கிலீஷ்ல, சுவர்ல துருத்திட்டிருக்கிற கல்லுல கால் வெச்சு ஏறி, நேரா பத்தாவது அடுக்குக்குப் போங்கன்னுதான் இருக்கு. நீங்க, 'இங்கே நின்று திரும்பிப் பாருங்கள். உங்களோடு வந்தவர் வந்து சேரட்டும்'னு சொல்றீங்க."

"உயரமான இடமெல்லோ. மூச்சு வாங்கும். பின்னாலை வாறவைக்கு ஏலாது."

"நீங்க அங்க போனதில்லையே அக்கா, அப்புறம் எப்படித் தெரியும்?"

பிரஷாந்தினி ஒரு ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள். அந்த வரி எப்படி வந்தது என்று அவளுக்கே தெளிவில்லை. கற்கள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் பயிருக்குக் கொடுக்கும் என்பதை வாசித்து முடித்தவுடன், தாளில் இல்லாத அதை வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"முன்னுக்குப் போற ஆள் திரும்பிப் பாக்கிறேல்லை," என்றாள்.

அனுப்ரியா சிரித்தாள். "எங்கப்பாவும் அப்படித்தான். போன வருஷம் இங்க வந்தப்போ தனியா மெட்ரோல ஏறிட்டு, அடுத்த ஸ்டேஷன்ல இருந்து அம்மாவுக்கு போன் பண்றார், 'நீ எங்க தொலைஞ்சே'ன்னு. அதை விடுங்க. இப்ப ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு."

"ஆர் குடுத்தது?"

"கஸ்டமர் ஒருத்தர். படிக்கிறேன். 'ஒன்பதாவது அடுக்கில் யாரோ ஓர் அம்மா நிற்கச் சொன்னார். நின்றேன். என்னோடு வந்தவர் மெல்ல நடப்பவர், எப்படியும் வந்து சேர்வார். நான்கு நிமிடம் வெயிலில் வீண். அந்த வரியை எடுத்துவிடவும்.'"

பிரஷாந்தினியின் கை ஜிப்பில் நின்றது. "யாரோ எண்டோ எழுதியிருக்கு?"

"ஆமா. 'யாரோ ஓர் அம்மா.'"

"குரலைப் பற்றி வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லக்கா. ரெகார்டிங்ல உங்க குரல் நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. இப்ப பேசறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நாலு நிமிசமும் நிண்டவராமோ?"

"நின்னாராம்."

"திரும்பிப் பாத்துக்கொண்டோ?"

"அக்கா, அதெல்லாம் எதுக்கு? அந்த இடத்தை வெட்டினா சத்தம் குதிக்குது. நீங்க அந்தப் பகுதியைத் திரும்பப் படிச்சு அனுப்பினாப் போதும். ரெண்டே நிமிஷம். இல்லன்னா அடுத்த டூரை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. உங்களுக்குத்தான் வாங்கித் தரணும்னு நான் பேசி வெச்சிருக்கேன்."

அடுத்ததையும் செய்ய அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த நடைக்கான தாள்களை அவள் ஏற்கெனவே இரண்டு தடவை வாசித்தாயிற்று. இரண்டு நிமிடம்தானே, படித்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"கம்ப்ளெயின்ட் குடுத்தவர் உங்க ஏரியாதான்," என்றாள் அனுப்ரியா. "என்.டி.ஜி. பேரு நகுலேஸ்வரன். தெரியுமா?"

அலுமாரிக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் அவள் கணவர் நின்றார்.

"இதுக்குள்ளை நிண்டு ஆரோட கதைக்கிறாய்? ஜான்-டலோன் சந்தைக்குப் போகோணும், வெளிக்கிடு," என்றவர், பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார்.

"அக்கா? படிச்சு அனுப்பறீங்கதானே?"

பத்து நாட்களுக்கு முன், அனுப்ரியாவுக்குச் சொல்லாமல் கணவரோடு போயிருந்த அந்த மலையில், இருபது அடி பின்னால் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது, நகுலேஸ்வரன் நின்று அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் கேட்பது யார் குரல் என்று தெரிந்துதான் நிற்கிறார் என்று எண்ணி, 'இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார்' என்று அவள் இதுவரை காத்திருந்தாள்.

"இல்லை அனுப்ரியா," என்றாள், கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை தனக்குக் கிடைத்த அந்த நான்கு நிமிடத்தை நினைத்தபடி. "அதை நான் எடுக்கமாட்டன். இருக்கட்டும்."